சுகுணா பாலைக் குடித்தாளா?

கதை படித்துக் கெட்டுப்போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கதை படித்து ஒரு விவசாயச் சங்கத்தின் வேலைநிறுத்தத்தையே கெடுக்கப் பார்த்தவள் அநேகமாக நான் ஒருத்திதான் இருப்பேன். எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லோரும் இதைச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி மசாலாவும் தூவிவிட்டார்கள். சம்பந்தப்பட்டவளே ஒரு தடவை எழுதிவிடுவது நல்லது.

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கேட்பவர்களிடம் வறுமை என்று சொல்வேன். வறுமையும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்ததுதான் உண்மையான காரணம். நடுவில் மூங்கில் பாலம். முதல் நாள் பாதி தூரம் போனேன். 'இது இப்போது ஒடிந்தால்?' என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வந்ததில் தப்பில்லை, நின்று யோசித்ததுதான் தப்பு. எனக்குப் பின்னால் பதினோரு பேர். பாலத்தில் ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. அன்றைக்குப் பதினோரு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் முட்டி போடும் தண்டனை. மறுநாள் அந்தப் பதினோரு பேரின் அம்மாக்களும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். என் அண்ணன் முருகையன், "இனிமே நீ பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போ. அங்க பாலம் கிடையாது" என்று சொல்லிவிட்டது. (மாடு இருந்தது. மாடு உதைத்தால்? அது வேறு கவலை.)

வலங்கைமானுக்குத் தெற்கே மூன்று மைலில் எங்கள் ஊர். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. டீக்கடையில் எல்லோரும் மேடைத் தமிழ் பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு டீ கேட்பதற்கே முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் வேண்டியிருந்தது. வயல் பக்கம் வந்தால் அந்த அழகெல்லாம் கிடையாது. அங்கே ஒரு பக்கம் சங்கக் கொடி, இன்னொரு பக்கம் பண்ணை மரக்கால். அண்ணன் சங்கத்தின் கிளைச் செயலாளர். நான் சங்கச் செயலாளரின் தங்கையாக இருந்துகொண்டே பண்ணையில் சாணி அள்ளினேன். இரண்டு பக்கமும் பயம்.

பண்ணை வீட்டு அம்மாவுக்குக் கதைப் பைத்தியம். பேசத்தான் ஆள் இல்லை. பண்ணை ஐயா படிப்பது பட்டா, சிட்டா, அடங்கல் மட்டும்தான். அதனால் அம்மா கொல்லைப்புறம் வந்து, சாணி அள்ளிக்கொண்டிருக்கும் என்னிடம் கதை பேசுவார். எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரியும் என்று தெரிந்ததும், ஒரு ஐப்பசி மாதம், பழைய துண்டில் சுற்றி ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார்.

"கொட்டில்ல வச்சுப் படிக்காதடி. மாடு மென்னுடும்."

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வது வழக்கம். மற்ற வீடுகளில் ஒரு தொடர்கதைக்கு ஒரு பைண்டு இருக்கும். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரே வாரத்தில் வந்த நாலு தொடர்கதைகளையும் வந்த வரிசையிலேயே அடுக்கி, அடுத்த வாரத்து நாலை அதன்மேல் வைத்து, கோணி ஊசியால் தைத்து, கோதுமைப் பசை தடவி, காலண்டர் அட்டையைப் போட்டுவிடுவார். தலைப்புப் படங்கள் அழகாக இருக்கின்றன என்று கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவார். ஆகவே என் கைக்கு வந்த புத்தகத்தில் தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை நான் படித்திருந்த கதைகள் பாடப் புத்தகத்து நரியும் காக்கையும்தான். இது பெரியவர்கள் படிக்கிற ஒரே பெரிய கதை என்று எண்ணிக்கொண்டேன்.

கார்த்திகையில் களையெடுப்பு. களையெடுப்பில் நான் மகா மந்தம். வரிசையில் எல்லோரும் அந்த வரப்புக்குப் போயிருப்பார்கள், நான் இந்த வரப்பில் 'இது களையா, பயிரா, பிடுங்கிவிட்டால் திட்டுவார்களோ' என்று யோசித்துக்கொண்டிருப்பேன். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் அஞ்சலை அத்தை. "நீ களை எடுத்த வரைக்கும் போதும்டி. மத்தியானம் கஞ்சி குடிக்கையில அந்தப் பொஸ்தகத்தைப் படி. உன் பங்கை நாங்க எடுத்துடறோம்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி உயர்வு அது.

படித்தேன். முதல் அத்தியாயத்தில் இளவரசன் வீரசிம்மன் எதிரிகள் துரத்த, குதிரையோடு அருவியில் பாய்கிறான். அடுத்த அத்தியாயத்தில் சென்னையில் ஒரு ஓட்டல். ஒன்பதாம் நம்பர் அறையில் முகத்தை மூடிய பிணம். துப்பறிகிறவர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு போனை எடுக்கிறார். அதற்கடுத்த அத்தியாயத்தில் மலைமேல் ஒரு பங்களா. உச்சிப் பொழுதில் ஈரம் சொட்டச் சொட்ட ஓர் உருவம் வராந்தாவில் நடக்கிறது. நாலாவதில் சுகுணா என்கிற மருமகள் மாமியார் வீட்டில் அழுகிறாள். பிறகு மறுபடியும் குதிரை.

எனக்குக் குழப்பம்தான். ஆனால் இருபது பேருக்கு முன்னால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல என்னால் முடியுமா? அஞ்சலை அத்தைதான் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, ஊறுகாய் விரலை நீட்டி விளக்கினார்.

"இதுல என்னடி புரியல? அருவியில விழுந்தான்ல, தண்ணி அவனைச் சென்னைக்கு அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. அங்க ஓட்டல்ல செத்துட்டான். செத்தவன்தான் பேயா வர்றான். தண்ணியில விழுந்தவன் ஈரமாத்தானே வருவான்? சுகுணா அவன் பொண்டாட்டி. பொண்டாட்டி அழுவாம வேற யார் அழுவா?"

இதைவிடத் தெளிவாக ஒரு கதையை எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை. நான் மட்டும் மெதுவாக, "அத்தை, ராசா காலத்துல போன் ஏது?" என்று கேட்டேன்.

"ஏன், நம்ம ஊர்ல இன்னும் ஆண்டை இருக்காங்கள்ல? ஆண்டை வீட்ல போனும் இருக்குல்ல? ராசா வீட்ல மட்டும் இருக்கக் கூடாதா?"

வரப்பு முழுக்க "அதானே!" என்றது. அத்துடன் விவாதம் முடிந்தது.

அந்த ஒரு புத்தகம் எங்கள் கூட்டத்தைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பேய் அத்தியாயம் படித்த நாளில் ஒருத்தியும் தனியாக வாய்க்கால் பக்கம் ஒதுங்கவில்லை. ஒருத்திக்கு அவசரம் என்றால் ஆறு பேர் போனார்கள். துப்பறியும் அத்தியாயம் படித்த மறுநாள் வரப்பில் இருந்த காலடித் தடங்களை எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ("இது இடது கால் சாய்ஞ்சு நடக்கிறவன் தடம்." "அது உன் புருசன்தாண்டி.") ராசா கதை வந்தால் மேஸ்திரிக்கு 'சேனாதிபதி' என்று பெயர். சுகுணா வந்தால் மட்டும் நிலைமை மோசம். கூட்டத்தில் நாலு மாமியார்களும் அவர்களுடைய மருமகள்களும் உண்டு. சுகுணா அழுதால் மருமகள்கள் நாலு பேரும் எழுந்து வேறு வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் இரண்டு வரப்புக்கும் கேட்கிற மாதிரி கத்திப் படிக்க வேண்டும்.

புத்தகம் மார்கழியில் முடிந்தது. அதன் பிறகு வாரவாரம் அம்மா புதுத் தாள்களைக் கிழித்துக் கொடுத்தார். குழாயடியில் வைத்துப் படித்தேன். பொங்கலுக்கு முந்தின வாரத்துத் தாளில் சுகுணாவின் மாமியார் பாலில் எதையோ கலக்கிறாள். சுகுணாவுக்குத் தெரியாது. டம்ளரை எடுக்கிறாள். அவள் உதடு டம்ளரைத் தொட்டது. தொடரும்.

அடுத்த வாரம் பொங்கல் மலர் வந்தது. அதில் தொடர்கதையே கிடையாது. கோலமும் நடிகை பேட்டியும்தான். சரி, அதற்கடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அதற்குள் வேலைநிறுத்தம் வந்துவிட்டது.

கோரிக்கை ஒன்றே ஒன்று. பண்ணையில் கூலி நெல் அளக்கும் மரக்காலின் அடித்தகடு உள்ளே குழிந்து மேலேறியிருந்தது. யார் தட்டி ஏற்றியது என்று தெரியாது, ஆனால் தானாக ஏறியிருக்காது. அரசாங்க முத்திரை போட்ட மரக்காலில் அளந்தால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று சங்கம் முடிவு செய்தது. கொடிக்கம்பத்தடியில் அண்ணன் தீர்மானத்தை வாசித்தது: "பண்ணை வீட்டு வாசலை மிதிக்கிறவன் கருங்காலி. அவனோட நெருப்பு, தண்ணி, பேச்சு எதுவும் கிடையாது." வாசிக்கும்போது அண்ணன் என்னைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நான் அதற்கு முன்பே கொட்டில் வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆனாலும் பார்த்தது.

தை மாத வெயிலில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. நாளாக நாளாக நெல் உதிரும், நஷ்டம் பண்ணைக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார்கள் என்று பேச்சு. கப்பி ரோட்டு முனையில் உட்கார்ந்து லாரி வருகிறதா என்று பார்ப்பது பெண்களுக்கு ஒதுக்கிய வேலை. ஆறு நாள் உட்கார்ந்தோம். லாரி வரவில்லை. ஒரு மாட்டு வண்டி கூட வரவில்லை. ஆறாம் நாள் அஞ்சலை அத்தை பெருமூச்சு விட்டார்.

"தாமரை, அந்தப் பொண்ணு பாலைக் குடிச்சாளா இல்லியாடி?"

"தெரியலத்தை."

"எத்தனை நாளா டம்ளரும் கையுமா நிக்கிறா பாவம். கை வலிக்காது?"

ஒரு மருமகள் சொன்னாள்: "குடிச்சிருப்பா. விடுவாங்களா இவங்க?" ஒரு மாமியார் சொன்னார்: "கலந்தது மருந்தோ என்னமோ. நல்லதுக்குக் கலந்திருப்பா." பேச்சு ஏறியது. கால் மணி நேரத்தில் எங்கள் மறியல் இரண்டாக உடைந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் லாரி வந்திருந்தால் நடுவில் தாராளமாகப் போயிருக்கலாம்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்று அஞ்சலை அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ போய் அடுத்த தாளை வாங்கிட்டு வா."

"அத்தை! வாசலை மிதிச்சாக் கருங்காலி. என் அண்ணன் மானம் போயிடும்!"

"வாசலைத்தானே மிதிக்கக் கூடாதுன்னாங்க? நீ கொல்லை வழியாப் போ."

இந்தச் சட்ட நுணுக்கம் மொத்த மறியலுக்கும் பிடித்துவிட்டது. ரோட்டின் இரு பக்கமும் ஒன்று சேர்ந்தது. எனக்கு இரண்டு பயம். போனால் ஊர் என்னைத் தள்ளி வைக்கும். போகாவிட்டால் இந்த இருபது பேரும் தள்ளி வைப்பார்கள். ஊர் தூரத்தில் இருந்தது, இருபது பேர் பக்கத்தில் இருந்தார்கள். போனேன்.

எப்படிப் போவது? நான் கற்ற வித்தையெல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தானே இருந்தது. துப்பறியும் அத்தியாயத்தில் குற்றவாளி பின்பக்கமாக நடந்து போவான், தடம் திரும்பி வருகிற மாதிரி தெரியும். வரப்பில் பின்பக்கமாக நடந்தேன். பன்னிரண்டாவது அடியில் சேற்றில் மல்லாக்க விழுந்தேன். ராசா கதையில் கோட்டைக்குள் போகச் சுரங்கம் உண்டு. பண்ணை மதிலுக்கு அடியில் கொல்லைக்குத் தண்ணீர் போகிற குழாய் மதகு இருந்தது. அதில் நுழைந்தேன். பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. 'இப்போது ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால்?' என்று ஒரு யோசனை வந்தது. இந்தத் தடவை நின்று யோசிக்கவில்லை. எப்படி வந்தேன் என்று தெரியாது, அந்தப் பக்கம் வந்துவிட்டேன். தலைமுடி அவிழ்ந்து, சேறு வழிய, ஈரம் சொட்டச் சொட்ட, சரியான உச்சிப் பொழுதில், கொட்டில் ஓரமாக எழுந்து நின்றேன்.

அம்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். (வேலைக்கு ஆள் இல்லையே.) நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாலு தொடர்கதைகளையும் விடாமல் படித்தவர் அவர். பித்தளைக் குடத்தைப் போட்டுவிட்டு அலறிய அலறலில் கொட்டிலில் இருந்த கன்றுக்குட்டி கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"அம்மா, நான் தாமரைங்க!"

"தாமரையா? செத்துட்டியாடி?"

"இல்லீங்க. சுகுணா பாலைக் குடிச்சாளா இல்லியான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கே தெரியாதேடி! உங்க ஆளு மாணிக்கம்தானே வியாழக்கிழமை வலங்கைமான் போய்ப் பத்திரிகை வாங்கிட்டு வருவான்? அவனும் வேலைநிறுத்தத்துல உட்கார்ந்துட்டான். எனக்குத் தூக்கமே இல்லை."

நான் ஆறுதலுக்கு, "வீரசிம்மன் பேய் வந்து தட்டி விட்டிருக்கும்மா" என்றேன்.

"வீரசிம்மன் எதுக்குடி சுகுணா வீட்டுக்கு வரணும்? அது வேற கதை."

"வேற கதைங்களா?"

"நாலும் நாலு கதைடி! நாலு பேர் எழுதறது!"

பாலம் ஒடிந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதமாக இருபது பேருக்கு நான் படித்தது ஒரு கதையே இல்லை. இதை எப்படிப் போய்ச் சொல்வேன் என்று நிற்கும்போது, அலறலைக் கேட்டு ஐயா ஓடிவந்தார். கையில் வைக்கோல், வேட்டியில் சாணி. ஆறு நாளாக மாடுகளை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது மாடுகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீ முருகையன் தங்கச்சிதானே?"

எனக்கு வாய் வரவில்லை.

"உங்கண்ணன் அனுப்பிச்சானா? தூது வந்திருக்கியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றேன். சேறு மட்டும் சொட்டியது.

ஐயா வைக்கோலைக் கீழே போட்டார். "சரி. முத்திரை மரக்கால்லயே அளக்கறேன்னு சொல்லு."

நான் நின்றேன்.

"என்ன முறைக்கிறே? தலை தட்டாம அளக்கணுமா? சரி, கும்பலாவே அளந்துடறேன்."

(நான் முறைக்கவில்லை. பயத்தில் எனக்கு இமைக்க முடியாது.)

பின்னாலிருந்து அம்மா, "குடுத்துத் தொலைங்களேன்! எல்லாரும் வேலைக்கு வரட்டும்! மாணிக்கம் வரட்டும்!" என்றார்.

"பேசறேன்ல? இன்னும் என்னடி பொண்ணு? உங்கண்ணன் வந்தா நாற்காலி போட்டு உட்கார வச்சுப் பேசணும், அதானே? போடறேன்."

நான் நின்றேன். ஐயாவுக்கு வியர்த்துவிட்டது. ஒரு கையால் நெற்றியைத் துடைத்தார், சாணி ஏறியது.

"அறுக்கறவங்களுக்குப் பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி. டிகிரி காப்பி. இதுக்கு மேல என்னால ஆகாது. போதுமா?"

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. ஓடினேன். எந்த வழி, எந்தக் கதவு என்று பார்க்கவில்லை. கொல்லை, தாழ்வாரம், கூடம், ரேழி என்று புகுந்து ஓடி, முன்வாசல் வழியாகத் தெருவில் வந்து விழுந்தேன்.

எங்கள் தெருவில் யாரும் அதுவரை அந்த முன்வாசல் வழியாக உள்ளே போனதும் கிடையாது, வெளியே வந்ததும் கிடையாது. முதல் ஆளாக நான் வந்தேன். சரியாக எதிரே, கொடியோடு ஊர்வலமாக வந்துகொண்டிருந்த சங்கத்தின் முன்னால் வந்தேன். ஊர்வலத்தின் முன்னால் அண்ணன். கோஷத்துக்காகத் திறந்த வாயை மூட மறந்துவிட்டது.

கொடிக்கம்பத்தடியில் விசாரணை. சங்கத் தலைவர் பக்கிரிசாமி மாமா நடுவில் உட்கார்ந்தார். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. சொந்தத் தங்கையைத் தள்ளி வைக்கும் தீர்மானத்தையும் செயலாளர்தான் வாசிக்க வேண்டும்.

"எதுக்கும்மா உள்ள போனே?" என்றார் மாமா.

"சுகுணாவுக்காகப் போனேன் மாமா."

"எந்த சுகுணா? அப்படி யாரும் நம்ம தெருவுல இல்லியே?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை மரக்கால், கும்பல் அளவு, நாற்காலி, காப்பி. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். பக்கிரிசாமி மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாம கேட்டது ஒண்ணு. அவர் தர்றது நாலு. கேக்காம எந்தப் பண்ணையார்யா குடுத்திருக்கான்? இதுல சதி இருக்கு."

"காப்பியில எதையாவது கலந்தாலும் கலப்பாங்க" என்றாள் ஒரு மருமகள். சுகுணா கதை அந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது.

அஞ்சலை அத்தைக்கு மட்டும் இதில் எதுவுமே காதில் ஏறவில்லை. "அதெல்லாம் கிடக்கட்டும். குடிச்சாளா?"

"அம்மாவுக்கே தெரியாதாம் அத்தை. அப்புறம்... அது ஒரே கதை இல்லியாம். நாலும் வேற வேற கதையாம். வீரசிம்மனுக்கும் சுகுணாவுக்கும் சம்பந்தமே கிடையாதாம்."

அத்தை இடுப்பில் கை வைத்தார். "பாத்தீங்களா? ஒண்ணா இருக்கிற கதையை நாலாப் பிரிக்கிறாங்க. இன்னிக்குக் கதையைப் பிரிப்பாங்க, நாளைக்கு நம்மளைப் பிரிப்பாங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் கிளையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பேச்சு நிகழ்ந்ததில்லை.

பிறகு மாமா கேட்க வேண்டியதைக் கேட்டார். "யார் சொல்லிம்மா போனே?"

நான் மறியல் கூட்டத்தைப் பார்த்தேன். இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். மாமியார், மருமகள் என்று வித்தியாசமில்லாமல் பார்த்தார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. இனி இந்தத் தெருவில் எனக்கு நெருப்பும் தண்ணீரும் இல்லை என்று நான் முடிவுக்கு வந்தபோது, அஞ்சலை அத்தை முன்னால் வந்தார்.

"நாங்கதான் அனுப்பிச்சோம். வாசலை மிதிக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பிச்சோம். வெளிய வரையில மிதிச்சிட்டா. உள்ள போறவனைத்தானே கருங்காலின்னீங்க, வெளிய வர்றவளைச் சொல்லலியே?"

"அதுக்காக அஞ்சலை..."

"இவளைத் தள்ளி வச்சா மிச்சக் கதையை யாரு படிக்கிறது? நீ படிப்பியா?"

பக்கிரிசாமி மாமாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சு விட்டாச்சு" என்றார். அண்ணன் பேனாவை மூடியது.

அன்று மாலையே சங்கம் பண்ணைக்கு எழுத்து மூலம் பதில் அனுப்பியது: நாங்கள் யாரையும் தூது அனுப்பவில்லை, எங்கள் கோரிக்கை முத்திரை மரக்கால் மட்டுமே, அதற்கு மேல் தருவது எதுவும் லஞ்சமாகக் கருதப்படும். ஐயாவுக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் கழித்துத் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. முத்திரை மரக்கால் கிடைத்தது. கும்பல் அளவு போயிற்று. நாற்காலி போடுவதாகச் சொன்ன பேச்சு பண்ணை வீட்டில் நடக்கவில்லை. ஆனால் தாலுகா ஆபீசில் எல்லோருக்கும் நாற்காலி போட்டிருந்ததால் அண்ணன் ஐயாவுக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. அந்த ஒரு காட்சியை நேரில் பார்த்ததாக எங்கள் ஊரில் இன்றைக்கும் முந்நூறு பேர் சொல்வார்கள். அறைக்குள் அன்றைக்கு இருந்தது ஆறு பேர்.

காப்பி போனது போனதுதான்.

மாணிக்கம் வேலைக்குத் திரும்பியதும் அம்மா முதல் வேலையாக அவனை வலங்கைமானுக்கு விரட்டினார். பழைய இதழ் தீர்ந்துவிட்டது, புதியதுதான் கிடைத்தது. அதில் சுகுணா டில்லியில் இருந்தாள். பட்டுப் புடவை, கையில் குழந்தை. பாலைப் பற்றிப் பேச்சே இல்லை. அஞ்சலை அத்தை அதைக் கேட்டுவிட்டு, "பேய்க்குக் குழந்தை பொறக்காது. அப்ப குடிக்கல" என்றார். மருமகள்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் நிறையக் கதை படித்துவிட்டேன். முதல் பக்கத்தில் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் எதையும் தொடுவதில்லை. ஆனாலும் துப்பறியும் கதை படித்தால், 'இந்தப் பிணம் எந்த அருவியில் விழுந்தது?' என்று மனம் தேடுகிறது.

குடும்பத்தில் எனக்கு நிரந்தர வேலை ஒன்று வந்து சேர்ந்தது. வாய் திறக்காமல் ஒரு பண்ணையாரிடம் நாலு சலுகை வாங்கியவள் என்பதால், எங்கே பேரம் என்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கறவை மாடு, கல்யாண மண்டபம், மனைக்கட்டு எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். "அத்தை, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பயந்துகிட்டு நில்லுங்க" என்பார்கள். அதற்கு எனக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

போன மாதம் அண்ணன் மகள் குளிர்சாதனப் பெட்டி வாங்கக் கும்பகோணம் போனாள். நானும் போனேன், எழுபத்தைந்து வயதாகும் அண்ணனும் கோலை ஊன்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் ஒரு விலை சொன்னார். நான் நின்றேன். குறைத்தார். நின்றேன். ஸ்டெபிலைசர் இலவசம் என்றார். கீழே வைக்கிற ஸ்டாண்டு இலவசம் என்றார். நான் இமைக்காமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒரு காப்பி சாப்பிடறீங்களா?" என்றார்.

பழக்கதோஷம், அப்போதும் நின்றேன்.

பின்னாலிருந்து அண்ணன் கோலைத் தரையில் தட்டிக் கடையே திரும்பும்படி கத்தியது: "சரின்னு சொல்லுடி! இன்னொரு தடவை விட்டுடாதே!"

சொன்னேன். வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.